மிஸ்ஸியின் போன் இலக்கம்

பிள்ளை பிறக்கிற அந்த ஒரு நாளை எல்லாரும் கொண்டாடுவார்கள். அதற்கு முன்னால் ஒன்பது மாதமும் பின்னால் ஐந்து வருடமும் காவல் இருப்பதுதான் எங்கள் தொழில். கடதாசியில் எங்களுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் என்று பெயர். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்தில், கரம்பொனிலும் புளியங்கூடலிலும் சனம் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் ஒரு சைக்கிள், ஒரு தராசு, ஒரு கொப்பி இருந்தன. இப்போது ஸ்கூட்டி, அதே தராசு, மூன்று கொப்பி, ஒரு போன்.

அந்தப் போனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இந்தப் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிற, கைக்குழந்தை வைத்திருக்கிற அத்தனை பேரிடமும் என் இலக்கம் இருக்கிறது. நீங்களும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறவர் என்றால் நான் சொல்வது விளங்கும். அது அடித்தாலும் நெஞ்சு பதறும், கனநேரம் அடிக்காமல் கிடந்தாலும் பதறும்.

சரியான விடை

கரம்பொனில் சுகந்தி என்று ஒரு தாய். கலியாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள். பிள்ளை எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எத்தனை மணிக்கு நித்திரை கொண்டது என்பதெல்லாம் எழுதி வைத்திருப்பாள். ஒருநாள் அவளுடைய ஐந்து மாதப் பிள்ளையை நிறுக்கப் போனேன். பிள்ளைக்குக் காலையிலிருந்து காய்ச்சல். சுகந்தி குசினி வாசலில், வாய்க்குள் மருந்து விடுகிற பீச்சியை நிரப்பிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் நிறையைச் சொல்லி, காய்ச்சல் பாணி மருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்று போனிடம் கேட்டாளாம். போன் சொன்ன அளவும் நான் சொல்லக்கூடிய அளவும் ஒன்றுதான்.

பழக்கதோஷத்தில் குப்பியைக் காட்டச் சொன்னேன். அவளுடைய தமக்கை கனடாவிலிருந்து கொண்டுவந்த சின்னக் குப்பி. பாணி இல்லை, சொட்டு மருந்து. எங்கள் கடைகளில் விற்கிற பாணியைவிட நாலு மடங்கு கடுமை. போன் பொய் சொல்லவில்லை, கணக்கும் பிழைக்கவில்லை, மருந்துதான் வேறு. பீச்சியை அவளிடமிருந்து வாங்கித் தொட்டிக்குள் ஊற்றினேன்.  வீட்டில் கிடந்த கடைப் பாணியில் அந்த அளவைக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தவள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் குப்பியைப் பற்றிக் கேக்கேல்லை மிஸ்ஸி, பிள்ளையின்ர நிறையைத்தான் சொன்னனான்."

பத்தொன்பதாவது மூச்சு

எழுவைதீவுக்குப் பொறுப்பானவர் லீவில் நின்ற ஒரு மாதம், அந்த இடத்தையும் நான்தான் பார்த்தேன். அங்கே போவதற்குப் படகை விட்டால் வேறு வழியில்லை. அன்றைக்குக் காற்று கடுமை. ஊர்காவற்றுறை ஜெற்றியில் படகு கட்டினபடி நின்றது. நானும் பையோடு நின்றேன். அப்போது எழுவைதீவிலிருந்து ஜெனிற்றா போன் எடுத்தாள். அவளுடைய நாலு மாதப் பிள்ளைக்கு இரண்டு நாளாக இருமல், இப்போது மூச்சு இழுக்குதாம். புருசன் அன்ரன் கடல்தொழிலாளி, அவரும் பக்கத்தில் நின்றார். போனில் படத்தோடு கதைக்கச் சொல்லி, பிள்ளையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைக் காட்டச் சொன்னேன். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். மணிக்கூட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து எண்ணினேன். பதினெட்டு வரை வந்தது. பத்தொன்பது வரவில்லை. நெஞ்சு அசையாமல் நின்றது.

"பிள்ளையின்ர உள்ளங்காலில தட்டு" என்று கத்தினேன். ஜெற்றியில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெனிற்றாவிடமிருந்து சத்தமே இல்லை.  பிறகுதான் கவனித்தேன், பிள்ளைக்குப் பின்னால் இருந்த யன்னல் சீலை காற்றில் எழும்பியபடியே அந்தரத்தில் நின்றது. நின்றது பிள்ளையின் மூச்சு இல்லை, படம்.

படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பவும் போன் எடுத்தேன். "நீர் பிள்ளையின்ர நெஞ்சில கையை வையும். நான் நேரம் பாக்கிறன், நீர் சத்தமா எண்ணும்" என்றேன். அவள் எண்ணினாள். அறுபத்திரண்டு. ஐம்பதைத் தாண்டினாலே பயப்படவேண்டிய வயது அது. பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகவேண்டும். அந்தக் காற்றில் வரச் சொல்வதா, காற்று விழும்வரை இருக்கச் சொல்வதா? அன்ரனிடம் கேட்டேன். "கடலை நான் பாக்கிறன், நீங்கள் அங்கால ஆயத்தப்படுத்துங்கோ" என்றார். தமையனையும் கூட்டிக்கொண்டு சொந்தப் படகில் வெளிக்கிட்டார். அம்புலன்ஸை ஜெற்றிக்கு எடுப்பித்துவிட்டு, அந்தப் படகு கண்ணில் படும்வரை நான் கும்பிடாத கடவுள் இல்லை. பிள்ளைக்கு நெஞ்சுச்சளி முற்றியிருந்தது. ஒரு கிழமையில் சுகமாகி வீட்டுக்கு வந்தது. அந்தக் காற்று நாளில் படகால் இறங்கும்போது ஜெனிற்றாவின் சீலை முழுக்க ஈரம். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்: "நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது மிஸ்ஸி, உங்கட போனிலதான் நிண்டது."

மூலையிலிருந்து ஒரு குரல்

விமலாவின் புருசன் கட்டாரில் வேலை. பிள்ளை பிறந்தபோது வர லீவு கிடைக்கவில்லை. அதற்காக வீட்டு மூலையில் ஒரு கமரா பூட்டுவித்து, அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. பிறந்து பத்தாம் நாள் பிள்ளையை ஏணைத் தொட்டிலிலிருந்து தூக்கினேன். "மிஸ்ஸி, தலையைப் பிடியுங்கோ" என்று மேலேயிருந்து ஓர் ஆண்குரல். பிள்ளை கைநழுவப் பார்த்தது.

எனக்கு அந்தக் குரலைவிட விமலாவின் முகம்தான் பயத்தைத் தந்தது. கண் குழி விழுந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் "ஓம்" என்றாள். அலுமாரியில் இருந்த துவாயை எடுத்துக் கமராவின் மேல் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தாள். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்றாள். இதற்குள் "கமரா பழுதோ?" என்று புருசன் போன் எடுத்துவிட்டார். போனை நான் வாங்கி, உள்ளதைச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை; அன்றைக்கே வேலணையிலிருந்து தன் தமக்கையை அனுப்பிவைத்தார். டொக்டரிடமும் காட்டினோம், இரண்டு மாதத்தில் விமலா தெளிந்துவிட்டாள். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த மனுசனுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று பிறகு அவளிடம் கேட்டேன். "பிள்ளை அழுதா அவருக்குக் கேக்கும் மிஸ்ஸி, நான் சத்தம் போடாமல் அழுறனான்" என்றாள்.

நாலு நிமிடம்

இதுவரை மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். இனி வருவது என்னுடைய பிழை.

ஒருநாள் என் மச்சாள் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். ஒரு பெண் அழுதழுது கதைக்கிறாள்: ஏதோ ஓர் ஊரில் தடுப்பூசி போட்ட அன்றைக்கே இரண்டு பிள்ளைகள் செத்துவிட்டார்களாம், ஒருவரும் பிள்ளைகளைக் கொண்டுபோகவேண்டாமாம்.  இது உண்மையா என்று கேட்டு மேலதிகாரிக்கு அனுப்ப நினைத்தேன். என் போனில் அவருடைய பெயருக்குக் கீழே எங்கள் தாய்மாருக்கான வாட்சப் குழு. அவசரத்தில் விரல் கீழே பட்டுவிட்டது. நாலு நிமிடம் கழித்துத்தான் கண்டேன். கண்டதும் அழித்தேன். அழித்துவிட்டேன்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு மேலதிகாரியிடம் கேட்டேன். அப்படி எங்கேயும் நடக்கவில்லை, ஊரின் பெயரை மாற்றி மாற்றி இந்தக் குரல் கனகாலமாகச் சுற்றித் திரிகிறது என்றார். நான் குழுவுக்கு ஒன்றும் எழுதவில்லை. கிளறக்கூடாது என்று நினைத்தேன்.

அடுத்த ஊசி நாளில் பத்தொன்பது பிள்ளைகள் வரவேண்டும். ஆறு பேர் வந்தார்கள். பத்து மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு, அந்தக் குரல் பதிவுதான் காரணம் என்று விளங்கிவிட்டது. பின்னேரம் புளியங்கூடலில் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்றார்கள். பிள்ளை முற்றத்தில் தவழ்ந்து விளையாடியது. அடுத்த வீட்டில் நாள் மறந்துபோச்சு என்றார்கள். மூன்றாவது வீட்டில் ரஜனி இருந்தாள், மூன்று பிள்ளைகளின் தாய். மூத்த இரண்டுக்கும் என்னிடமே ஊசி போடுவித்தவள். அவளுக்கு முன்னால் என்னால் நடிக்க ஏலாமல் போய்விட்டது. "அதை அனுப்பினது நான்தான், கைதவறி அனுப்பினது, அது பொய்" என்றேன். அவள் கோபிக்கவில்லை.

பதின்மூன்று வீட்டுக்கும் போய் அதையே சொல்லி முடிக்க இரண்டு கிழமை ஆனது. சில வீட்டுக்கு மூன்று தரம் போனேன். கடைசிப் பிள்ளையைத் தாயோடு சேர்த்து என் ஸ்கூட்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். எல்லாருக்கும் ஊசி போட்டாயிற்று. ஆனால் அந்த இரண்டு கிழமையில் ஒரு பிள்ளைக்கு ஊசி தடுக்கவேண்டிய வருத்தம் வந்திருந்தால் அதற்கு நான் யாரிடம் போய்ப் பதில் சொல்வது? கனநாள் அந்த நினைப்பு விடவில்லை. அன்று ரஜனி படலைவரை வந்து சொன்னது இதுதான்: "நீங்கள் அனுப்பினதை நான் பெரிசா எடுக்கேல்லை மிஸ்ஸி, ஒண்டும் சொல்லாமல் அழிச்சபடியால்தான் உண்மை எண்டு நினைச்சம்."

நீல அடையாளம்

தர்சினிக்குத் தலைப்பிள்ளை, முப்பத்தாறாவது கிழமை. புருசன் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். விடியப் போனால் பின்னேரம்தான் திரும்புவார். பிள்ளை எந்தக் கிழமை எப்படி வளரும் என்று சொல்கிற ஒரு செயலியைத் தர்சினி போனில் வைத்திருந்தாள். ஒரு கிளினிக் நாள் காலையில் எனக்கு எழுதியிருந்தாள்: விடிய எழும்பினதிலிருந்து பிள்ளை துடிக்கவில்லை, கடைசிக் கிழமைகளில் பிள்ளை கூடநேரம் நித்திரை கொள்ளும் என்று போனில் போட்டிருக்கிறது, பயப்படத் தேவையில்லைதானே?

அந்த நேரம் நான் ஒரு கையால் தராசில் கிடந்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றக் கையால் போனில் அவளுடைய செய்தியைத் திறந்தேன். பெயரைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. பிறகு வாசிக்கலாம் என்று பைக்குள் போட்டேன். கிளினிக் முடிந்து, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு வாசித்தபோது நேரம் ஒன்று தாண்டிவிட்டது. தேத்தண்ணி அப்படியே இருக்க ஸ்கூட்டியை எடுத்தேன். போகிற வழியில் நிறுத்தி, அம்புலன்ஸை அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரிக்கும் போன் எடுத்தேன்.

தர்சினி கதிரையில் இருந்து பிள்ளையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் படுக்கவைத்து வயிற்றில் குழலை வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. இடத்தை மாற்றி வைத்தேன். தூரத்தில், மிக மெதுவாக, விட்டு விட்டு ஒரு சத்தம். "இருக்குதோ மிஸ்ஸி?" என்றாள். "இருக்குது, வெளிக்கிடும்" என்றேன். யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அம்புலன்ஸுக்குள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஏன் பதில் போடவில்லை என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு சந்தியிலும் பயந்தேன். போனவுடனேயே சத்திரசிகிச்சை. பெண் பிள்ளை. பிறந்தவுடன் அழவில்லை. பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துதான் தாயின் மடிக்கு வந்தாள்.

மேலதிகாரியிடம் நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். கிளினிக் சுவரிலும் எழுதி ஒட்டினேன்: துடிப்புக் குறைந்தாலோ, மூச்சு இழுத்தாலோ எனக்கு எழுதவேண்டாம், போன் எடுங்கள், நான் எடுக்காவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து நிறுக்கப் போனபோது, மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். நான் தொடங்க முந்தியே தர்சினி தொடங்கிவிட்டாள். அன்று தான் எழுதினதுக்குப் பக்கத்தில், வாசித்தாயிற்று என்று காட்டுகிற இரண்டு சரி அடையாளமும் நீலமாய் வந்தது என்றாள். பிள்ளையைத் தராசில் கிடத்தியபடி, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் மிச்சத்தையும் சொன்னாள்: "மிஸ்ஸி பாத்திட்டா, ஒண்டும் சொல்லேல்லை, அப்ப ஒண்டும் இல்லையாக்கும் எண்டுதான் நான் பேசாமல் இருந்தனான்."

போன் வந்த பிறகு எங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்று கந்தோரில் மேலதிகாரிகள் சொல்கிறார்கள். குறைந்துபோன அந்தப் பாதியை, நேரே போய்ப் பார்க்காமல் விடுகிற பாதியை நினைத்துத்தான் நான் இப்போது முழுநேரமும் பயந்துகொண்டிருக்கிறேன்.