படகுகளைக் கரையேற்ற அனுமதி கோரி

படகு இல்ல நடைமுறைக் குறிப்பேடு, விதி பதினொன்று, உட்பிரிவு மூன்று: "நீர்மட்டம் அளவுகோலின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் படகு சவாரியும் தூண்டில் அனுமதியும் நிறுத்தப்பட வேண்டும். படகுகளைக் கரையேற்றுவதற்கு முன் தலைமை அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி பெறப்பட வேண்டும்."

குறை சொல்ல முடியாத விதி. அதை எழுதியவன் நான்தான்.

தலைமை அலுவலகத்தில் இருந்த காலத்தில், வேறோர் ஊரில் கரையேற்றிய படகு ஒன்று காணாமல் போனது. விசாரணைக்குப் போனபோது அது ஒரு தோட்டத்தில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது. மாடுகள் நன்றாகவே பராமரித்திருந்தன. அதன் பிறகுதான் இந்த உட்பிரிவை எழுதினேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்போது, நம் கையெழுத்துக்குத் தண்ணீர் காத்திருக்கும் என்றுதான் தோன்றும்.

பணியின் கடைசி ஆண்டுகளில் வெள்ளகோவில் பக்கத்து அணை ஒன்றின் படகு இல்லத்துக்கு என்னைப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். வெள்ளை அன்னம் போன்ற மிதிபடகு ஐந்து, துடுப்புப் படகு இரண்டு. கார்த்திகையில் தண்ணீர் ஏறினால் சீசன் தொடங்கும், பங்குனியில் முடியும். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் எங்களுக்கு ஞாயிறுதான் திருவிழா. ஒரு பக்கம் குடும்பங்கள் படகு மிதிக்கும். மறு பக்கம் சீசன் கார்டு வாங்கியவர்கள் ஜிலேபி மீனுக்குத் தூண்டில் போட்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

1. சிவப்புக் கோடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனியில் ஒரு காலை, படகோட்டி ஆண்டனி அலுவலக வாசலில் வந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். திருப்பூரில் பதினைந்து வருடம் ஒரு பனியன் கம்பெனியின் அயர்னிங் செக்‌ஷனில் நின்று, நீராவியில் மூச்சுக் கெட்டு, இந்த வேலைக்கு வந்தவர். தண்ணீரைப் பார்த்த பிறகுதான் இருமல் நின்றது என்பார்.

"சார், கோடு தெரிஞ்சிட்டு."

"லெட்டர் போட்டாச்சு ஆண்டனி. பதில் வரட்டும்."

"வர்ற வரைக்கும் தண்ணி நிக்குமா சார்?"

அவர் கேட்டது விளையாட்டுக்கு அல்ல. அணை வற்றும்போது படகு சேற்றில் உட்காரும். சேறு காயும்போது அடிப்பாகத்தைப் பிடித்து இழுக்கும். பழைய ஃபைபர் விரிந்துவிடும். புதுப் படகு வாங்கும் திட்டம் இல்லை, இருக்கும் படகுகள் பழுதானால் படகு இல்லத்தையே மூடிவிடலாம் என்று தலைமை அலுவலகம் முன்பே எழுதியிருந்தது. எனக்கு ஓய்வு பெற ஒரு வருடத்துக்கும் குறைவு. மூடினாலும் நான் வீட்டுக்குத்தான் போகப்போகிறேன். ஆண்டனி திரும்ப அயர்ன் டேபிளுக்குப் போக வேண்டும்.

நடைமுறைப்படி செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். லைஃப் ஜாக்கெட்டுகளைத் துவைத்துக் காயப் போட்டோம். மிதிச் சங்கிலிகளுக்கு கிரீஸ் வைத்தோம். சீசன் கார்டுகளைத் திரும்பப் பெற அறிவிப்பு ஒட்டினோம். படகுகளை நகர்த்தாமல் செய்யக்கூடிய வேலை அதோடு முடிந்தது.

முதல் நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாவதும் அனுப்பினேன். பிறகு தொலைபேசியில் கேட்டேன். எடுத்தவர், என்னிடம் வேலை பழகி இப்போது பிரிவு அலுவலராகிவிட்ட பெண்மணி.

"ஃபைல் மூவ் ஆயிட்டுதான் இருக்கு சார்."

"எந்தத் திசையிலம்மா?"

"சார், இது நீங்க எழுதின ரூல். வாய்மொழி உத்தரவு செல்லாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் நீங்கதான்."

நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

2. ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு, சீசன் கார்டைத் திருப்பித் தர வந்தவர்களில் சென்னியப்பன் முதல் ஆள். விவசாயக் குடும்பம், இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. ஆறு நாள் கம்பெனியில் சத்தம் போட்டுவிட்டு, ஏழாம் நாள் மீன் பயந்துவிடும் என்று இருமக்கூட மாட்டார்.

முதல் அன்னத்தின் பின்பக்கம் சேற்றைத் தொட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார்.

"ஏனுங்க மேனேஜருங்க, அன்னத்தை அடை வெச்சிருக்கறீங்களா?"

"அனுமதி வரலீங்க."

"தண்ணிக்கு ஒரு காப்பி அனுப்புனீங்களா? அதுபாட்டுக்கு எறங்குதே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆண்டனி சிரிக்கவில்லை. "நாளைக்கும் இந்த வெயிலடிச்சா, முன்பக்கமும் உக்காந்துரும் சார். பொறவு தூக்கினா அடி பேந்துரும்" என்று மட்டும் சொன்னார்.

நான் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"நான் எழுதி ஆரு சார் படிக்கப் போறா?"

"நான் படிப்பேன்."

இரண்டு வரி எழுதினார். அதன் கீழே, 'படகோட்டியின் அறிக்கையை ஏற்று, அனுமதியை எதிர்பார்த்து, இன்றே கரையேற்றப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் விதியை நானே மீறியது அன்றுதான். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன்.

படகு வரை நடந்தால் முழங்கால் வரை சேறு. இழுத்தாலோ அடி தேயும். சென்னியப்பன் கம்பெனிக்கு போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் டெம்போவில் துணி ரோல் சுற்றும் பிளாஸ்டிக் பைப்புகளும், மூட்டை மூட்டையாகச் சிவப்பு பனியன் துணியும் வந்தன. சேற்றின் மேல் துணியை விரித்து, அதன் மேல் பைப்புகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் படகை உருட்டினோம். கடந்த பைப்பை எடுத்து மறுபடி முன்னால் போட வேண்டும். கார்டைக் கொடுக்க வந்த அத்தனை பேரும் வேட்டியையும் பேன்ட்டையும் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். பீகாரிலிருந்து வந்த இரண்டு நிட்டிங் ஆபரேட்டர்கள் இந்தியில் தாளம் சொல்ல, மற்றவர்கள் அர்த்தம் தெரியாமலே அதற்கு இழுத்தார்கள். வெயில் சாய்வதற்குள் ஏழு படகும் மேட்டில் இருந்தன. ஒன்றிலும் கீறல் இல்லை.

படகுகளை வரிசையாக நிறுத்தி, அன்னங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க மிச்சத் துணியைச் சுற்றி, மேலே தார்ப்பாய் கட்டினோம். அனுமதி இன்றிக் கரையேற்றியதை அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். கூடவே ஒரு திருத்தத்தையும் பரிந்துரைத்தேன்: தண்ணீரைப் பற்றிப் படகோட்டி எழுத்தில் அறிக்கை தந்தால், பொறுப்பாளர் அன்றே கரையேற்றலாம். இரண்டுக்கும் பதில் இல்லை.

3. பரிசோதனையில் தோற்ற துணி

ஐப்பசியில் நல்ல மழை. அணை நிரம்பியது. தார்ப்பாயைப் பிரித்தபோது ஆண்டனி இரண்டடி பின்னால் போனார்.

"சார், இத வந்து பாருங்க."

மழை உள்ளே கசிந்திருந்தது. ஐந்து அன்னங்களும் கழுத்து முதல் வால் வரை ரோஸ் நிறம்.

சென்னியப்பனை அழைத்தேன். வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அது சாயம் நிக்காதுன்னு, துணி வாங்கற பையர் திருப்பி அனுப்புன லாட்டுங்க. விக்க முடியாமக் கெடந்துச்சு, போட்டு அனுப்பச் சொன்னேன். துணிக்குத்தானுங்க டெஸ்ட் பாப்போம். படகுக்கு எவன் பாத்தான்?"

"சாயம் போகும்னு தெரிஞ்ச துணியையா சுத்தக் குடுத்தீங்க?"

"சுத்துனது நீங்கதானுங்களே. நான் சேத்துல விரிக்கத்தான் குடுத்தேன்."

அது சரிதான். ஆண்டனி சோப்புப் போட்டுத் தேய்த்தார், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். வெயிலில் காய்ந்து மேற்பூச்சு வெளுத்துப்போன ஃபைபர், பருத்தித் துணி நிறுத்தத் தெரியாத சாயத்தை நன்றாக நிறுத்தியிருந்தது. படகின் நிறத்தை மாற்றவும் முன் அனுமதி வேண்டும், விதி பதினான்கு. அதை எழுதியவன் நல்லவேளையாக நானல்ல.

"இப்பிடியே விட்டா சனம் சிரிக்கும் சார்" என்றார் ஆண்டனி.

"அடியில விரிசல் இருக்கா?"

ஒவ்வொன்றையும் சாய்த்து, தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டார். "ஒண்ணுகூட இல்ல சார்."

"அப்ப சிரிக்கட்டும்."

வேலைக்கு வரும் இளையவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான். விதி எழுதுங்கள், விதி இல்லாவிட்டால் படகு மாட்டுத் தொட்டியாகிவிடும். ஆனால் எழுதும் முன் ஒருமுறை அந்தச் சேற்றில் இறங்கி நின்று பாருங்கள். அங்கே தினமும் நிற்பவனின் பேச்சுக்கும் அந்த விதியில் ஓரிடம் வையுங்கள். எனக்கு அது முப்பது வருடம் தாமதமாகத் தெரிந்தது.

சீசன் தொடங்கிய காலையில் முதல் டிக்கெட் வாங்கியது பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒரு பெண்ணின் குடும்பம். துடுப்புப் படகு போதும் என்றார் கணவர். அவருடைய மகள் ரோஸ் அன்னத்தைத் தவிர எதிலும் ஏற மறுத்துவிட்டாள். ஆண்டனி கயிற்றை அவிழ்த்துக் காலால் தள்ளிவிட்டார். இருமல் இல்லை.

அப்போதுதான் தபால்காரர் ஓர் உறையை நீட்டினார். இரண்டு பத்திகள். முதலாவது, பங்குனி மாதக் கடிதத்தில் கோரியபடி, நீர்மட்டம் குறைந்துள்ளதால் படகுகளை உடனடியாகக் கரையேற்ற அனுமதி அளித்தது. இரண்டாவது, விதி பதினொன்று, உட்பிரிவு மூன்று திருத்தப்படுவதாகவும், இனிப் படகோட்டியின் எழுத்துமூல அறிக்கையே போதும் என்றும் சொன்னது.

இரண்டாவது பத்தியை ஆண்டனியிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு உறையின் மேல் நடைமுறைப்படி எழுதினேன்: பெறப்பட்டது, கார்த்திகை முதல் நாள்.