நாலாவது பிளாக்

வேலையில் இருந்த முப்பத்து நான்கு வருடமும் எனக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இருந்ததில்லை. நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் குடியிருந்தவரை தேவைப்படவும் இல்லை. குழாய் சொட்டினாலோ, மரக்கிளை மின்கம்பியில் உரசினாலோ மெயின்டனன்ஸ் ஆபீசுக்குப் போன் செய்து பிளாக் நம்பர், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர் மூன்றையும் சொன்னால் போதும். ஆள் வருவார். வரத் தாமதமானால் நான் மறுபடியும் போன் செய்வேன். என் குரலைக் கேட்டதுமே அங்கே சிரித்துக்கொள்வார்கள் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் ஒருவர் சொன்னார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்துச் சொந்த வீட்டுக்கு வந்தோம். இங்கே பேரூராட்சி, வார்டு, கவுன்சிலர். எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீடுகள். ஒன்பது விளக்குக் கம்பங்களில் ஆறு எரியும். தெருவோரம் போகும் சாக்கடை வாய்க்காலின் மேல், வண்டி ஏற்றுவதற்காக வீட்டுக்காரர்கள் போட்ட சிமெண்டுச் சரிவுகள் பதினேழு. எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, எண்ணினால் என் மனைவிக்கு வராது.

கவுன்சிலர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். அவர் குடும்பத்தில் முந்தின தலைமுறை வரை எல்லோரும் வயலில் கூலி வேலை செய்தவர்கள். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எரியாத மூன்று விளக்குகளைப் பற்றிச் சொல்வதற்கு முதலில் நான் கணவரிடம்தான் போனேன். எல்லா ஊரிலும் அப்படித்தானே நடக்கிறது என்று நினைத்தேன். ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "அவங்ககிட்டயே சொல்லுங்க சார். நான் சும்மா ஓட்டு போட்டவன்தான்" என்றார்.

எங்கள் தெருவின் கடைசி வீடு பள்ளத்தில் இருக்கிறது. அதில் வாடகைக்கு இருக்கும் பெண் இட்லி மாவு அரைத்து விற்கிறார். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். முன் அறையில் ஒரு பெரிய கிரைண்டர், சுவரில் மாதா படம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்கள் வாங்கிப் போவதில்தான் அவருக்கு முக்கால்வாசி வியாபாரம். போன வருட மழையில் சாக்கடைத் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்து, மோட்டார் புகைந்து போயிற்று. உள்ளே காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றி வாங்கி ஓட்டினார். அதன் பிறகு வானம் கறுத்தாலே மோட்டாரைக் கழற்றிப் பரண் மேல் வைத்துவிடுவார். மோட்டார் பரணில் இருந்தால் மாவு கிடையாது. இந்த வருடம் ஐப்பசி பிறந்து பாதி நாள் மோட்டார் பரணிலேயே இருந்தது. பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தைப் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் அந்த வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். இன்னொரு முறை தண்ணீர் ஏறினால் அவர் தொழிலை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாய்க்காலைக் குத்திப் பார்த்தபடியே மேலிருந்து கீழ்வரை நடந்தேன். நான்கு இடத்தில் தண்ணீர் நின்றது. டீக்கடைக்கு எதிரே காகிதக் கோப்பைகள். வேப்பமரத்தடியில் வேர். மூன்றாவது இடத்தில் யாரோ போட்ட பழைய பாய். நான்காவது, மாவுக்காரப் பெண்ணின் வாசலுக்கு முன்னால், அந்த வீட்டின் சொந்தக்காரர் போட்டு வைத்த சரிவுக்கு அடியில். அவர் வடலூரில் கடை வைத்திருப்பவர். சரிவு போட்டபோது கொத்தனார் மிச்சக் கலவையை வாய்க்காலுக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போயிருக்க வேண்டும். தடி 'டொக்' என்று நின்றது.

கவுன்சிலரிடம் சொன்னேன். இரண்டே நாளில் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள் வந்து முதல் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். நான்காவது அப்படியே கிடந்தது. போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தார் போல, பின்னால் ஹாரன் சத்தம்.

"மூணு முடிஞ்சிதும்மா. நாலாவது பிளாக்தான் அப்படியே கிடக்கு" என்றேன்.

"நாலாவது பிளாக்குங்களா? அது நமக்கு வராதுங்களே. அது உள்ள இல்லிங்களா?"

"உள்ளதாம்மா. உள்ள இருக்கறதுதான் பிரச்சினையே."

"அப்ப உள்ளதாங்க சொல்லணும். உள்ள நாங்க கை வைக்க முடியாதுங்க."

வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. யார் இவரைக் கை வைக்கச் சொன்னார்கள்? சாக்கடைக்குள் மனிதர் கையை விடக்கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறவன்தான். ஆனால் கடப்பாரை என்று ஒன்று இருக்கிறதே. நேரே கடைசி வீட்டுக்குப் போய், உங்கள் கவுன்சிலர் முடியாது என்று சொல்லிவிட்டார் என்றேன். அந்தப் பெண் சாயங்காலமே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, சரிவை எடுத்துத் தரும்படி கெஞ்சியிருக்கிறார். கஷ்டமாக இருந்தால் காலி செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. விடிந்து பார்த்தால் கடைசி வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். மோட்டார் பரணில் இருந்ததால் தப்பியது. கீழே வைத்திருந்த அரிசி, உளுந்து இரண்டும் போயின. நான் குடையோடு போய்ச் சேர்ந்தபோது கவுன்சிலர் எனக்கு முன்னால் வந்திருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு முறத்தால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண் துடைப்பத்தோடு.

"மொதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா தங்கச்சி?" என்று கேட்டார் கவுன்சிலர்.

"சார்தான் சொன்னாருக்கா. நீங்க முடியாதுன்னுட்டீங்கன்னு."

கவுன்சிலர் முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தடியால் சரிவைக் காட்டி, இதைத்தானே நாலாவது பிளாக் என்று சொன்னேன், நீங்கள்தானே கை வைக்க முடியாது என்றீர்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்க முயன்று முடியாமல் சிரித்தார். டவுன்ஷிப் முழுவதும் பிளாக் ஒன்று, பிளாக் இரண்டு என்றுதான் பிரிந்து கிடக்கிறது. மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்கு 'உள்ள' என்றால் மதிலுக்கு உள்ளே, டவுன்ஷிப். நான்காம் பிளாக்கில் எனக்கு யாரோ சொந்தக்காரர் இருக்கிறார், அவர் வீட்டுக் குறையைச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"அடைப்புன்னு சொல்லக்கூடாதுங்களா ஐயா? ரிட்டயர்டு ஆயி வந்துட்டீங்க, வாய் இன்னும் குவார்ட்டர்ஸ காலி பண்ணல."

பம்ப் ஹவுஸில் முப்பத்து நான்கு வருடம் குழாய் அடைத்துக்கொண்டால் 'பிளாக்' என்றுதான் சொன்னோம் என்றேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. மாவுக்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவர் காலுக்கடியில் தண்ணீர் இன்னும் இருந்தது.

கவுன்சிலர் அங்கிருந்தே வடலூருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். பொங்கல் கழித்துக் கொத்தனாரை அனுப்புகிறேன், அதுவரை பேரூராட்சி கை வைக்கக்கூடாது, மீறினால் மேலே போவேன் என்றார்.

"மழையும் பொங்கல் கழிச்சி வருதுன்னு சொல்லட்டுங்க, நானும் வுட்டுடறேன்" என்றார் கவுன்சிலர்.

அவர் உடனே கடப்பாரையை வரவழைப்பார் என்று எதிர்பார்த்தேன். வரவழைக்கவில்லை. இன்றைக்கே வந்து உங்கள் வீட்டைப் பாருங்கள், அப்புறம் நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று மட்டும் சொன்னார். எனக்கு இது ஒரு வேலை செய்யும் முறையாகவே படவில்லை. உடைப்பதற்கு அதிகாரம் இருக்கிறது, எதற்கு ஆளைக் கூப்பிட்டு உபசாரம் என்று முணுமுணுத்தேன். "உடைச்சிட்டு நான் போயிடுவேங்க. வாடகை வூட்ல இருக்கறது இந்தப் பொண்ணு" என்றார் அவர்.

மத்தியானம் வீட்டுக்காரர் பைக்கில் வந்தார். தன் சரிவின் மீதே வண்டியை நிறுத்தினார். கவுன்சிலர் சரிவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவரை வீட்டுக்குள் அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உப்பி, விரல் பட்டதும் உதிர்ந்தது. வீட்டுக்காரர் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நான்கு சுவரையும் தட்டிப் பார்த்தார். கேட்கிற சத்தத்தில் பூச்சு விட்டுப்போனது அவருக்கே தெரிந்தது.

"இது போன வருசமே இப்படியா?" என்று மாவுக்காரப் பெண்ணிடம் கேட்டார்.

"போன வருசம் மூணு தடவ சொன்னேங்க."

கவுன்சிலர் உதிர்ந்த சுண்ணாம்பைக் காலால் ஒதுக்கிவிட்டு, "செவுரு உங்களுது, வாய்க்கா எங்களுதுங்க. வாய்க்காவ நான் பாத்துக்கறேன், செவுரு நிக்கும்" என்றார். சரிவை உடைத்து வீசப் போவதில்லை, மூன்று துண்டாக அறுத்து, வேண்டும்போது தூக்கி எடுக்கிற மாதிரி திரும்பவும் போட்டுக் கொடுப்போம் என்றும் சொன்னார். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். புறப்படும்போது அந்தப் பெண்ணிடம் காலி செய்வதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஆட்கள் மெஷின் கொண்டு வந்து அறுத்தார்கள். அடியிலிருந்து ஒரு பானை அளவுக்கு இறுகின சிமெண்டுக் கட்டி வந்தது. அதை எடுத்ததும் தெரு முழுவதும் தேங்கியிருந்த தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கிப் போயிற்று. துண்டுகளைத் திரும்பப் பொருத்தியபோது இடைவெளி சரியாக இல்லை, சைக்கிள் சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்று நான் சொன்னேன். மூன்று பேரிடம் சொன்னேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அதன் பிறகும் அந்தப் பெண் மோட்டாரை இறக்கவில்லை. மழை வந்து தண்ணீர் ஏறாமல் போனது, அப்போதும் இறக்கவில்லை. அவர் பயம் தண்ணீரைப் பற்றி மட்டும் இல்லை. மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வந்தார். வாடகையை வாங்கிக்கொண்டு, சுவரைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்ததும் பூசித் தருகிறேன், அதுவரை சாமான்களைச் சுவர் ஓரமாக வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பைக் தெரு முனையில் திரும்பியதும் பெரிய பெண் பிள்ளை என்னைக் கூப்பிட வந்தாள். அம்மா மோட்டாரை இறக்கப் போகிறாராம், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண் ஏறிப் பரணிலிருந்து மோட்டாரை இறக்கினார். பெல்ட்டை மாட்டும்போது வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவர் ஒரு தடவை வாசலைப் பார்த்தார். பிறகு அரிசியை அள்ளி ஊறப்போட்டார்.