கோணல் இதழ்

பெரம்பலூரில் கதவுக் கடை வைத்திருந்த அவருடைய பெயர் எனக்கு நினைவில்லை, உளிதான் நினைவிருக்கிறது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், பேனா செருகும் பையில் ஒரு சின்ன உளி. பேசும்போது அதை எடுத்துக் காற்றில் எதையோ செதுக்குவார். அது மரத்தில் பட்டு நான் பார்த்ததில்லை.

புது வீட்டுத் தலைவாசல் கதவு கைவேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். கடைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் மெஷின் மரத்தைக் குடையும் சத்தம் எங்கள் இருவர் காதிலும் விழாதது போலவே பேசி முடித்தோம்.

கதவு வந்தது. அதில் செதுக்கியிருந்த தாமரையில் ஓர் இதழ் மட்டும் லேசாகக் கோணியிருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அதைத் தொட்டுக் காட்டி, "மெஷினுக்கு இது வருமா?" என்று பீற்றிக்கொண்டேன்.

பிறகு அரியலூரில் ஒரு கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் கதவைக் காட்டினார். அதே தாமரை, அதே இதழ், அதே கோணல்.

"மெஷினுக்கு இது வருமாங்க?" என்றார் அவரும்.

மறுநாளே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கடைக்காரர் அசரவில்லை.

"சுத்தமா அடிச்சுக் குடுத்தா மெஷின் வேலைன்னு திருப்பி அனுப்புறீங்க. அதான் ஒரு எதழக் கோணலா செதுக்கி, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். அந்த ஒண்ணு சத்தியமா என் கைவேலைங்க சார்." உளியால் காற்றில் ஒரு கீறல் போட்டார். "உங்களுக்குன்னு தனியா ஒரு தப்பு வேணும்னா சொல்லுங்க, போட்டுடலாம்."

அப்படியொரு திமிரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பூஜையறைக் கதவு இன்னும் பாக்கியிருந்தது. கஜலட்சுமிக்கு இடப்பக்கம் நிற்கும் யானையின் காது கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.