அம்மா தூங்கிய மூன்று மாதங்கள்

ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் சோதனைக்கு முதல் நாள் அம்மா பாகற்காய்ச் சாறு குடித்தாள். அதற்கு முந்தைய மூன்று நாட்களும் டீயில் சர்க்கரை போடவில்லை. நான் அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். அவள் தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது.

"நேத்து நீ இன்னா துன்னேன்னு இந்த டெஸ்டு பாக்காதும்மா. மூணு மாசத்தையும் சேத்துக் காட்டிக் குடுத்துரும்."

"அத குடிக்கறதுக்கு முன்னாடி சொல்றதுக்கு இன்னா? வாயெல்லாம் கசக்குது."

ஆறு புள்ளி இரண்டு வந்தது. சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத எண். அம்மா தி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளோடு நின்ற ஒரு பெண்ணுக்குச் சர்க்கரையால் கால் விரல் புண் ஆறாமல் போய், வேலையை விட வேண்டியதாயிற்று. அம்மாவின் பயம் மாத்திரை அல்ல, அந்த விரல். நாள் முழுக்க நிற்க முடிகிற வரைக்கும்தான் அவளுக்கு அந்த வேலை. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அவளும் நானும் மட்டும்தான்.

மயிலாப்பூரில் டாக்டரிடம் போனோம். சாப்பாடு, நடை, பரம்பரை என்று அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அம்மா நன்றாகவே பதில் சொன்னாள்.

"எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?"

"பதினொண்ணு ஆயிடும் டாக்டர். கட மூடி பஸ்ஸு புடிச்சி வரணுமே."

"எழுந்திருக்கிறது?"

"மூணே காலு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வருடக்கணக்காகத் தூக்கம் குறைந்தால் உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை, பசியும் தாறுமாறாகும், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று விளக்கினார். "ஏழு மணி நேரமாவது வேணும்மா. ரொம்ப அதிகமா தூங்கறவங்களுக்கும் இந்த நோய் கூடுதலா வர்றதுண்டு. ஆனா அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்." மூன்று மாதம் பார்ப்போம், குறையவில்லை என்றால் மாத்திரை என்றார்.

மூன்றே கால் என்பது எங்கள் அடிபம்பின் நேரம். ஆற்றோரம் எங்கள் வரிசையில் ஆறு வீடுகள், ஒரு பம்பு. மூன்றரைக்குக் குடிநீர் வாரியம் திறந்துவிடும் தண்ணீர் ஐந்துக்கு நின்றுவிடும். குடத்தை முதல் நாளே வரிசையில் வைக்கலாம். ஆனால் அதன் முறை வரும்போது சொந்தக்காரி பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் குடம் கடைசிக்குப் போய்விடும். அதனால் ஆறு பெண்களும் தினமும் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். நான் அந்த ஆறு பேரில் இல்லை. படிக்கிற பிள்ளை என்று முதலில் எழுப்பவில்லை. பிறகு காலை ஷிப்ட் என்று எழுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. எத்தனையோ பேருக்கு ரத்தம் எடுத்து, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று விசாரித்திருக்கிறேன். அம்மாவை விசாரித்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து அவளுக்குப் பதில் நான் எழுந்தேன். இரண்டு வாரம் தாங்கியது. ஒரு காலை, ஒருவருடைய பெயர் எழுதிய சீட்டை இன்னொருவரின் ரத்தக் குழாயில் ஒட்டப் போய், இரண்டாம் முறை சரிபார்க்கும்போது பிடித்தேன். நான் செய்திருந்ததெல்லாம் அம்மாவின் தூக்கமின்மையை என் பெயருக்கு மாற்றிக்கொண்டதுதான். அவளுடைய உடம்புதான் எனக்கும் வந்திருக்கிறது; சர்க்கரை நாளை எனக்கும் வரலாம்.

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்தேன். ஆறு வீடு, வீட்டுக்கு ஆறு குடம், மொத்தம் முப்பத்தாறு. ஒருவர் அடிக்க, ஒருவர் தூக்க, இரண்டு பேர் போதும். ஆறு வீடும் மூன்று ஜோடி. மூன்று நாளுக்கு ஒரு முறை. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மாறி மாறிப் போனால் ஆளுக்கு ஆறு நாளில் ஒரு நாள். எழுதி முடித்தபோது இவ்வளவு எளிதா என்று இருந்தது.

எளிதாக இல்லை. எதிர்வீட்டு அக்காதான் முதலில் சிரித்தது.

"இன்னா பாப்பா, தண்ணிக்கு டைம்டேபிளா? இஸ்கோலு நடத்துறியா?"

"நீ எத்தினி மணி நேரம்க்கா தூங்குற?"

"ஏன், எனுக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுக்கப் போறியா? மத்தவுங்க கையில என் கொடத்த குட்தா அரக் கொடம்தான் வூடு வந்து சேரும்."

ஆனாலும் ஒப்புக்கொண்டது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முதல் நாள் எங்கள் ஜோடியின் முறை. நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தண்ணீர் பிடித்தோம். மற்ற நான்கு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் எங்களுக்கு ஓய்வு. மூன்றே காலுக்குக் கண் விழித்தால் அம்மாவின் பாய் காலி. வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா பாத்துகினு இருக்கேன். நீ தூங்கு."

முதல் வாரக் கணக்கை நோட்டில் எழுதினேன்: மிச்சமான தூக்கம், பூஜ்யம்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பில்லை. தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். பிடிக்கிறவர்கள் தங்கள் குடத்தைத்தானே முதலில் நிரப்புவார்கள்? அதனால் ஒரே ஒரு விதியைச் சேர்த்தேன். யார் முறையோ, அவர்கள் குடம் கடைசி.

"அப்ப பாதில தண்ணி நின்னா?" என்று அக்கா கேட்டது.

"பிடிச்சவங்களுக்குத்தான் இல்ல."

"நல்லா கீது உன் நாயம்," என்றது. ஆனால் மறுக்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்த அக்காவின் முறையன்றே தண்ணீர் நாலரைக்கு நின்றது. எங்கள் வாசலில் ஆறு குடமும் தளும்பி நின்றன. அதன் ஜோடி வீட்டு வாசலில் ஐந்து நிறைந்திருந்தன; அக்கா வாசலில் இரண்டு மட்டும், நான்கு காலி. அக்கா பம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தது. வாசலில் காவல் இருந்த அம்மா எழுந்து, எங்கள் குடத்தில் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள்.

"எடுத்துகினு போக்கா. பேச்சுன்னா பேச்சுதான்," என்று அம்மாவைத் தடுத்தது அந்த அக்கா.

"உன் பேச்ச வெச்சி சோறு ஆக்க முடியுமா? எறக்கி வை."

ஆறும் நிறைந்த மற்ற மூன்று வீடுகளிலிருந்தும் ஆளுக்கு ஒரு குடம் வந்தது. அக்காவிடம் எங்கள் எல்லோரையும்விட ஒரு குடம் அதிகமாகவே சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது ஆறு மணி. அம்மா ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் பிடித்த இரண்டு வாரமும் குடம் இறங்கும் சத்தத்துக்கே விழித்துவிடுவாள்; வெளிச்சத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து மாட்டினேன். எதிர்வீட்டுக் கதவும் மூடியிருந்தது. வரிசை முழுக்க மூடியிருந்தது.

மூன்று மாதம் முடிந்ததும் நானே அவளுக்கு ரத்தம் எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த முறை பாகற்காய் எதுவும் குடிக்கவில்லை. ஐந்து புள்ளி எட்டு. நம்பாமல் மெஷினில் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அதே எண்.

ஒரே ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கடையில் நாலு மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற பழக்கமும் இந்த மூன்று மாதத்தில் தானாகக் குறைந்திருந்தது. தூக்கம் எவ்வளவு, பிஸ்கட் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து, மாத்திரை இப்போது வேண்டாம், இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், இதே மாதிரி தூங்குங்கள் என்று சொன்னபோது, மேசைக்குக் கீழே அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

படி இறங்கும்போதே எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டாள். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாத்தர இல்லியாம்டி! தூங்கச் சொல்லிட்டாரு."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. "நாங்க முயிச்சிகினு தண்ணி புடிச்சி நீ ஒடம்ப தேத்திகினியா? வா வா, நாளைக்கு உன் மொற."

"தெரியும்டி. என் கொடம் கடைசி," என்றாள் அம்மா.