சங்கையா என்றொரு பெயர்

கத்தரீனாள் கட்டிய கோஷம் மொத்தம் இரண்டே வரிதான். தேவிகுளத்துக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் பெண்கள், தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைவீடுகளின் ஒழுகும் கூரைகளை மாற்றித்தரச் சொல்லி வேலையை நிறுத்திச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் தொண்டை வற்றிக் கூட்டம் சோர்ந்துபோன நேரத்தில், அது தானாக அவள் வாயில் வந்து விழுந்தது.

"எங்கய்யா எங்கய்யா, கூரைத் தகரம் எங்கய்யா?
தின்னு தீத்தான் சங்கையா!"

சங்கையா தொழிற்சங்கக் கன்வீனர். தகரம் தராமல் இழுத்தடித்தவர் மேனேஜர். ஆனால் மேனேஜரின் பெயர் சந்தத்துக்குள் அடங்கவில்லை.

கூட்டம் துள்ளி எழுந்தது. மறுநாள் பக்கத்து எஸ்டேட்டுப் பெண்களும் அதையே கூவிக்கொண்டு மலையேறி வந்தார்கள். பதினோராம் நாள் கம்பெனி பணிந்தது. லயமெங்கும் புதுத் தகரம் ஏறியது.

சங்கையாவை மட்டும் கோஷம் விடவில்லை. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் யாராவது "எங்கய்யா" என்பார்கள். பிள்ளைகள் மீதியைப் பாடுவார்கள். விளக்கம் சொல்ல வாயெடுத்தாலே அந்தப் பாட்டு எழும்பி அவர் குரலை அமுக்கிவிடும். சங்கம் அவரை நீக்கியது. மனைவி குருவம்மாளோடு மலையிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் சங்க அலுவலகத்தைக் கூட்டப் போன கத்தரீனாள், தகரம் கேட்டு சங்கையா மேனேஜருக்கு எழுதிய மனுக்களின் நகல்களைப் பார்த்தாள். ஏழு மனுக்கள். அன்றிலிருந்து மழை தகரத்தில் விழும்போதெல்லாம் அந்தச் சந்தம்தான் கேட்டது. ஜெபமாலையைக் கையில் எடுத்தாலும் உதடு அதையே முணுமுணுத்தது.

விசாரித்துக்கொண்டு கஞ்சிக்கோட்டுக்குப் போனாள். ஒரு தொழிற்சாலை வாசலில் சங்கையா காவலாளி உடுப்பில் நின்றிருந்தார்.

"அண்ணே, அந்தக் கோஷத்தைக் கட்டுனது நாந்தாண்ணே."

அவர் திட்டவில்லை. "நல்லாத்தான் கட்டியிருந்தே. தூக்கத்துல நானே அதைச் சொல்லுதேனாம். குருவம்மா எழுப்பிவிடுதா."

"ஊருக்கு வாங்கண்ணே. எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லுதேன்."

"யாரக் கூப்புடுதே? இங்க எம்பேரு பெரியமுத்து. அப்பன் பேரைச் சொல்லித்தான் வேலையில சேந்தேன்."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

ஊர் திரும்பியவள் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். பெண்கள் தலைகுனிந்து கேட்டார்கள். சிலர் அழக்கூடச் செய்தார்கள்.

இந்த வருஷம் குடிதண்ணீருக்காகத் தேவிகுளம் தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். "தண்ணிக் குழாய் எங்கய்யா?" என்று முன்வரிசையில் யாரோ ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். முந்நூறு வாய்கள் ஒன்றாகச் சொல்லின: "தின்னு தீத்தான் சங்கையா!"

பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவள் ஜோமோள், புதிதாக இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கத்தரீனாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, சங்கையா யாருன்னு தெரியுமா?"

"அது ஒரு ஆளாக்கா?" ஜோமோள் முழித்தாள். "திருடனை அப்படிச் சொல்லுவாங்கன்னுல்ல நெனச்சேன்."

கத்தரீனாள் அவளைச் சாலையோரம் ஒதுக்கி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மனுக்களைப் பற்றிச் சொல்லும்போதே ஜோமோளின் கண் வளைவில் மறையும் கூட்டத்தின் மேல் இருந்தது.

"பெறவு கேக்கேன்க்கா, பிந்திப்போயிரும்" என்று கையை விடுவித்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே அவள் வாயும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது.