நோயாளிக்கான தட்டு

சிதாலு சாப்பிடுவதை நிறுத்திப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மலேரியா வந்தது, மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. ஆனால் அது போகும்போது அவருடைய பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எழுபத்தெட்டு வயது மனிதர் சுவரோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி, சர்க்கரை போட்ட தேநீரைத் தவிர எதையும் உள்ளே விடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார், இப்படியே போனால் இந்த மாதம் தாண்டாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பேத்தி லுகுண்டோ தான்சானியா எல்லையிலிருந்து துணி மூட்டைகளோடு லாரியில் வந்து இறங்கியவள். இரண்டு நாளில் திரும்புவதாகத்தான் இருந்தாள். இருபத்தொன்பது வயதில் அவள் எந்த ஊரிலும் ஒரு மாதம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. சிதாலுவின் மூத்த மகள், அவளுடைய பெரியம்மா முசோண்டா, காலையில் சந்தைக் கடைக்குப் போனால் மாலைதான் வருவாள். பகலில் கிழவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் மூட்டைகள் பிரிக்காமலே மூலையில் கிடந்தன.

லுகுண்டோ என்பது சிதாலுவின் மனைவி பெயர். அவள் செத்து நாற்பத்து நான்கு வருஷம் ஆகிறது. லுவான்ஷியா என்ற அந்தச் சுரங்க ஊரில் ஒருவர் பெயரை வாங்கினால் உறவையும் சேர்த்து வாங்கியதாகத்தான் அர்த்தம். அதனால் பேத்தி மூன்று வயதில் குட்டைப் பாவாடையோடு ஓடிய காலத்திலிருந்தே அவருக்கு அவள் கிழவிதான். ஒவ்வொரு முறை அவள் லாரியிலிருந்து இறங்கும்போதும், புருஷனை விட்டுவிட்டு எங்கே சுற்றுகிறாய் என்று கேட்பார். உங்களைவிட நல்லவன் கிடைக்கிறானா என்று தார்-எஸ்-சலாம் வரை தேடினேன், ஒருத்தனும் தேறவில்லை என்பாள் அவள். இந்த முறை அவர் கேட்கவில்லை.

அவரைப் பேசவைக்க எதிர்வீட்டு சாம்பாவாலும் முடியவில்லை. அவர் மழைக் குலம், சிதாலு காளான் குலம். இந்த இரண்டு குலத்தாரும் ஒருவரை ஒருவர் என்ன கேலி செய்தாலும் கோபிக்கக் கூடாது; ஒரு குலத்தில் சாவு விழுந்தால் மற்றக் குலம்தான் குழி வெட்டும். சாம்பா கட்டிலருகே நின்று பார்த்தார்.

"ஏய் காளான், மழையே இல்லாம அழுகுறியே. குழி வெட்டப் போறது நாங்கதான், ஞாபகம் வெச்சுக்கோ. இந்த வெயில்ல மண்ணு கல்லா கெடக்கு. மழை வர்ற வரைக்கும் தள்ளிப் போடு."

மற்ற நாளாக இருந்தால் சாம்பாவின் பரம்பரையையே இழுத்துப் பதில் வந்திருக்கும். சிதாலு கண்ணை மூடிக்கொண்டார். சாம்பா வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அன்று ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோதுதான் லுகுண்டோவுக்கு அந்த நோட்டு கிடைத்தது. 1952 என்று போட்டிருந்தது. தாத்தா வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல்காரராக இருந்தவர் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு ஒரு படிப்பு இருந்தது தெரியாது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலும் சலவையும் ஆண்கள் வேலை. அதனால் வடக்கே மிஷன் பள்ளியில் வீட்டுப் பராமரிப்பு வகுப்பைப் பையன்களுக்குத்தான் வைத்தார்கள். பதினெட்டு வயது சிதாலு டீச்சர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதியிருந்தார்.

வெள்ளைத் துணியைக் கடைசியாக அலசும் தண்ணீரில் நீலத்தை நேராகக் கொட்டக் கூடாது, துணியில் முடிந்து ஆட்ட வேண்டும். கேக் அடுப்பின் சூட்டை அறிய ஒரு வெள்ளைக் காகிதத்தை உள்ளே வைத்து எண்ண வேண்டும், நாற்பது எண்ணுவதற்குள் பழுப்பானால் சூடு அதிகம். சமைக்கும்போது பாடக் கூடாது. விரிப்பின் மடிப்புக் கோடு மேசையின் நடுவில் ஓட வேண்டும். லுகுண்டோ வாசற்படியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். அவளுக்குச் சமையல் என்றால் லாரி நிற்கும் இடத்தில் வாங்கித் தின்பது. ஒரு முட்டையை வேகவைக்க இத்தனை வாக்கியம் தேவையா என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. எழுத்து அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

அந்த ஊர் நாக்குக்கு ர-வும் ல-வும் ஒன்று. சிதாலு அரிசிக்கு ரைஸ் என்று எழுத வேண்டிய இடமெல்லாம் லைஸ், அதாவது பேன், என்று எழுதியிருந்தார். பேனை மூன்று தண்ணீரில் கழுவிப் பாலில் குழைய வேகவைத்துச் சர்க்கரை தூவு என்று அவள் உரக்கப் படித்ததும், மாலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த முசோண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் எங்கப்பா கையில சாப்பிட்ட வெள்ளைக்காரன் எல்லாம் தலையச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தானா?"

நோட்டின் பின்பகுதியில் நோயாளிக்கான சமையல் என்று தனியாகப் பன்னிரண்டு பக்கம் இருந்தது. லுகுண்டோவின் கை அங்கே நின்றது. நோயாளியிடம் என்ன வேண்டும் என்று கேட்கக் கூடாது, கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார். கொஞ்சமாக வை. சமைக்கும் வாசனை அறைக்குப் போகக் கூடாது. சாப்பிடாமல் மிச்சம் வைத்ததைக் கட்டில் பக்கத்தில் விடாதே, பார்த்தாலே பசி போகும். அவளும் பெரியம்மாவும் இத்தனை நாளும் செய்தது அத்தனையும் தப்பு. பெரிய கிண்ணம் நிறைய உப்வாலி என்னும் சோளக் களியைப் பிசைந்து, கப்பெண்டா கருவாட்டுக் குழம்போடு மூக்குக்கு நேரே வைத்துவிட்டு, சாப்பிடுங்க சாப்பிடுங்க என்று காலையிலிருந்து மாலைவரை நச்சரித்திருந்தார்கள்.

மறுநாள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். உடம்பு தேறாதவர்களுக்கு எல்லாவற்றிலும் மேலானது பீஃப் டீ என்று எழுதியிருந்தது. அரைக் கிலோ மாட்டிறைச்சி வாங்கி வந்தாள். கைப்பிடித் தேயிலையும் போட்டுக் கொதிக்கவிட்டாள். டீ என்றால் தேயிலை இல்லாமலா? கறுப்பாக, நுரை கட்டிக்கொண்டு வந்ததைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தபோது சிதாலு ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அப்படியே வைத்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் குனிந்தாள்.

"கிழவி, தேயிலை போட்டியா?"

"டீன்னுதானே எழுதியிருக்கீங்க?"

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியபின் இன்னும் இரண்டு வாய் குடித்தார். பன்னிரண்டு நாளில் அவருக்குள் போன முதல் ஆகாரம் அதுதான். லுகுண்டோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தப்பாகச் செய்ததையே இப்படிக் குடித்தவர் சரியாகச் செய்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தாள்.

இரண்டாம் முறை ஒரு வரியும் விடவில்லை. கொழுப்பில்லாத இறைச்சியைக் கத்தியால் சுரண்டி, உப்பும் குளிர்ந்த தண்ணீரும் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தாள். ஜாடியில் மூடி, கொதிக்காத வெந்நீரில் மூன்று மணி நேரம் நிறுத்தினாள். வடிகட்டி, மேலே மினுங்கிய கொழுப்பைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தாள். தேன் நிறத்தில், அடி தெரியும் தெளிவோடு வந்தது. தட்டில் வெள்ளைத் துணி விரித்துக் கொண்டுபோனாள்.

சிதாலு துணியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். ஆவி முகத்தில் பட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று தேநீரும் குடிக்கவில்லை. மறுநாளும் அதே.

மூன்றாம் நாள் மாலை முசோண்டா சந்தையிலிருந்து வந்தபோது, லுகுண்டோ தொடாத தட்டை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். முசோண்டா கோப்பையை முகர்ந்தாள். இதை எங்கிருந்து பிடித்தாய் என்றாள். நோட்டைக் காட்டியதும் கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது இது.

அறுபத்தெட்டு, மழைக்காலம். ஒரு சுரங்க எஞ்சினியர் வீட்டுப் பின்கட்டில் இவர்களுக்கு ஒரே அறை. மனைவிக்கு டைபாய்டு. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தாள். குடலில் புண் ஆறும்வரை பத்து நாளுக்குக் கட்டியாக எதுவும் தரக் கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். பார்த்துக்கொள்ள வடக்கிலிருந்து பஸ்ஸில் மாமியார் வந்துவிட்டாள். மாமியார் இருக்கும் இடத்தில் மருமகனுக்கு இடமில்லை. அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவளோடு பேசக் கூடாது, அவள் உட்கார்ந்திருக்கும் அடுப்பருகே போகக் கூடாது. பெண் வீட்டார் விதவிதமாகச் சமைத்து வைத்து மருமகனை உள்ளே அழைக்கும் சடங்கு ஒன்று உண்டு, அது நடந்தால்தான் தடை நீங்கும். பத்து வருஷமாகியும் சிதாலுவுக்கு அது நடக்கவில்லை. தானே சமைக்கிறவனுக்கு நான் என்னத்தைச் சமைத்து வைப்பது என்று மாமியார் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மனைவி உப்வாலி கேட்டாள். பெண் வாய் திறந்து கேட்டுவிட்டாள் என்று தாய்க்கு ஆனந்தம். பெரிய வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து சிதாலு புகையைப் பார்த்தார், மாவு கிண்டும் சத்தத்தைக் கேட்டார். எட்டு வயது முசோண்டாவைக் கூப்பிட்டு, போய்ச் சொல் என்று அனுப்பினார்.

"பாட்டி எனக்குப் பதில் சொல்லல. அப்பாவுக்குக் கேக்கணும்னு முற்றத்துக் கோழியப் பாத்து ஜாடை பேசுறா. ஏ கோழி, பொம்பளை வேலை படிச்ச ஆம்பளை எனக்குப் புள்ளைய வளக்கச் சொல்லித்தர்றானாம், கேட்டியான்னு."

அவர் சமையலறைக் கதவருகே நின்றார். உள்ளே அடுப்பில் எஞ்சினியர் மனைவிக்காக இதே பீஃப் டீ ஜாடியில் இருந்தது. அவளுக்கு வெறும் ஜலதோஷம். அவர் அதை வடிகட்டினார், தட்டில் துணி விரித்தார், பெரிய வீட்டுக்குள்ளே அவளிடம் கொண்டுபோனார். பின்கட்டுக்கு முப்பது அடிகூட இருக்காது. உப்வாலி சாப்பிட்ட மூன்றாம் நாள் சிதாலுவின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்துச் செத்தாள்.

முசோண்டா தட்டிலிருந்த துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"குடல்ல புண்ணு, கட்டியா போனா கிழிஞ்சிரும், செத்துருவான்னு சொல்லுன்னார் அப்பா. நான் அவ்வளவும் சொல்லலடி. உப்வாலி வேண்டாமாம்னு மட்டும் சொல்லிட்டு ஓடிட்டேன். வெளிய புள்ளைங்க கயிறு ஆடிட்டிருந்தாங்க. இதுவரைக்கும் அப்பாகிட்ட நான் சொன்னதில்ல."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஜன்னல் திறந்திருப்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. முசோண்டா வெகுநேரம் உள்ளே போகவில்லை.

மறுநாள் காலை அவள் சந்தைக்குப் போனபின் சிதாலு எழுந்து உட்கார்ந்தார். இறைச்சி வாங்கி வா என்றார். லுகுண்டோ கேள்வி கேட்காமல் ஓடினாள். திரும்பி வந்தபோது அவர் சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் நினைவு தெரிந்து அந்த வீட்டு அடுப்படியில் அவர் கால் வைத்ததில்லை. ஊருக்கெல்லாம் சமைத்தவர் வீட்டில் ஒரு வெந்நீர் வைத்ததில்லை. அது பெண்கள் இடம்.

கத்தியை வாங்கிக்கொண்டார். சுரண்டினார், நிறுத்தினார், மூச்சு வாங்கினார், மறுபடி சுரண்டினார். அவள் கை நீட்டியபோதெல்லாம் தலையை ஆட்டினார். கரி அடுப்பின் மேல் உள்ளங்கையைப் பிடித்துச் சூடு பார்த்தார். மூன்று மணி நேரமும் அந்த முக்காலியை விட்டு எழவில்லை. தனக்காகத்தான் செய்துகொள்கிறார், குடிக்கப் போகிறார் என்று லுகுண்டோ ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் தட்டு தயாரானது. துணியின் மடிப்பு நடுவில் ஓடியது. அவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டார். கோப்பை கிடுகிடுவென்று ஆடியது. அவள் பின்னாலேயே போனாள். கட்டிலருகே வந்ததும் அவர் நின்றார்.

"படு" என்றார்.

"தாத்தா, இது உங்களுக்கு."

"படு கிழவி. உங்கம்மா பாத்தா பாத்துட்டுப் போறா."

அவருக்குப் புத்தி பிசகவில்லை. அவளை யார் என்று தெரிந்த கண்ணோடுதான் பார்த்தார். லுகுண்டோ அவருடைய கட்டிலில் படுத்தாள். அவர் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சிறு கரண்டி எடுத்து, அதன் அடியைக் கோப்பை விளிம்பில் துடைத்து, அவள் வாயருகே கொண்டுவந்தார். அவள் குடித்தாள். நாலாவது கரண்டியில், நீங்களும் ஒரு வாய் குடிங்க என்று கெஞ்சினாள். அவர் வாயை இறுக மூடித் தலையசைத்தார். கோப்பையைப் பிடுங்கி அவர் வாயில் ஊற்றிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. கரண்டி காத்துக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் சிந்தியதை அவரே துடைத்தார். கோப்பை காலியாகும்வரை அவர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரமாக அடுப்படிக்குத் திரும்பினார். அதைக் கழுவும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு அவர் எதுவும் சாப்பிடவில்லை. மாலையில் முசோண்டா வந்ததும் அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் மூச்சு நின்றது.

சாவு வீட்டில் சாம்பாவும் மழைக் குலத்தாரும் கடப்பாரையோடு வந்தார்கள். வெள்ளைக்காரன் கால்சட்டையை மொடமொடவென்று கஞ்சி போட்டவனே, எங்கள் கையைக் கொப்புளமாக்கிவிட்டாயே என்று வைதபடி புறப்பட்டார்கள். கூடத்தில் பெண்கள் அழுதார்கள். முசோண்டா வீட்டுப் பின்பக்கத்தில், வந்திருந்தவர்களுக்காகப் பெரிய பானையில் மாவு கிண்டிக்கொண்டிருந்தாள். லுகுண்டோ போய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

"பெரியம்மா, அன்னிக்கு அவர் வெச்சதை முழுசா நானே குடிச்சிட்டேன். அவருக்கு ஒரு சொட்டுகூட மிச்சம் வெக்கல."

முசோண்டாவின் துடுப்பு நின்றது. ஆவிக்குள் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு."

முசோண்டா தலையாட்டினாள். பானை அடிபிடிக்கத் தொடங்கியிருந்தது. இருவருமாகச் சேர்ந்து அதை இறக்கினார்கள்.