பட்டையில் ஒரு பச்சைப் புள்ளி

திருப்பதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் சர்வர் அறையில் எனக்குப் பக்கத்து மேஜை இன்பசேகரனுடையது. சித்தூர் மிஷன் சபைக் குடும்பம். ஞாயிறென்றால் ஊருக்குப் போய்விடுவான். எதையும் கழற்றி மாட்டிப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கும் டெர்மினலின் அடியில் ஒரு பட்டை உண்டு. நாங்களெல்லாம் அதில் மணி பார்ப்போம், அவ்வளவுதான். அவன் சும்மா இருப்பானா? ஸ்கிரிப்ட் என்று நாலு நாலு வரியில் குட்டிக் குட்டி புரோகிராமாக எழுதி, சர்வரின் சூடு, டிஸ்கில் மிச்சமிருக்கும் இடம், யுபிஎஸ் பேட்டரி என்று எல்லாவற்றையும் அந்தப் பட்டையில் கொண்டுவந்து நிறுத்தினான். மே மாதத்தில் ஏசி படுத்துக்கொண்டால், நமக்கு வியர்ப்பதற்கு முன்பே பட்டை சிவந்துவிடும். அந்த விஷயத்தில் அவனைக் குறைசொல்ல முடியாது.

இரண்டாயிரத்துப் பத்தில் அவன் மனைவி கிருபாபாய் நர்ஸ் வேலைக்குக் குவைத் போனாள். அவள் லேப்டாப்பிலும் ஒரு ஸ்கிரிப்டைப் போட்டு அனுப்பினான். அங்கே ஹாஸ்டல் அறையில் அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடும்வரை, இங்கே பட்டையின் ஓரத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். முதலில் அவளுக்கும் அது பிடித்திருந்தது. அறைத்தோழியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாளாம்.

போகப்போக அவன் அவளுக்கு ஃபோன் செய்வது குறைந்தது.

"டூட்டி முடிச்சி அசந்து தூங்கிக்கினு இருப்பா. எதுக்கு எழுப்பணும்? பச்சையாத்தானே இருக்குது" என்பான்.

"டேய், அது லேப்டாப்புடா" என்றேன். சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் சபையில், வெளிநாட்டில் ஆள் இருக்கும் குடும்பத்தார் ஆராதனையில் எழுந்து, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். ஒரு ஞாயிறு, வீட்டுக் கம்ப்யூட்டரில் பட்டையில் பச்சையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போன இன்பசேகரன் சபை நடுவே எழுந்து நின்றான். "கர்த்தர் என் மனைவியை அங்க சுகமா வெச்சிருக்காரு. ஸ்தோத்திரம்" என்றான். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள்.

அந்த நேரத்தில் கிருபாபாய் குடல்வால் ஆபரேஷன் முடிந்து, தான் வேலைசெய்யும் ஆஸ்பத்திரியிலேயே கட்டிலில் கிடந்தாள். லேப்டாப் மட்டும் ஹாஸ்டல் மேஜையில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

சபையில் இருந்த அவள் தங்கை ஹன்னா, வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு ஃபோன் போட்டு, மாமா சாட்சி சொன்னதைச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். அக்கா அவளிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் மதியம் இன்பசேகரனையே கூப்பிட்டாள். நாங்கள் எங்கள் மேஜையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கையெல்லாம் சோறு என்பதால் ஸ்பீக்கரில் போட்டான்.

"எனக்காகச் சபையில எழுந்து நின்னீங்களாமே?"

"ஆமா கிருபா" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

"வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன் ஆச்சிங்க. இன்னும் படுத்துக்கினுதான் இருக்கேன்."

வாய்க்குப் போன கவளம் டிபன் பாக்ஸிலேயே விழுந்தது. "ஏன் சொல்லல? ஒரு மிஸ்டு கால் குடுத்திருக்கலாம்ல?"

"ஃபோனைத் தலைமாட்டுலயே வெச்சிக்கினு இருந்தேன். நீங்களா கேப்பீங்கனு பாத்தேன். லேப்டாப்பு நல்லா இருந்தா போதும்னு இருந்துட்டீங்க."

அவன் எச்சில் கையை ஒதுக்கிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, ஸ்கிரிப்டில் அவள் பெயர் இருந்த வரியை அழித்தான்.

"பட்டையிலேருந்து உன் பேரை எடுத்துட்டேன்" என்றான்.

"சரி. இப்ப நான் எப்படி இருக்கேன், சொல்லுங்க."

"தெரியல கிருபா. நீயே சொல்லு. எங்க வலிக்குது?"

அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்தாள். நான் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.